எரிபொருளில் எவ்வளவு தண்ணீர் கரையும்? சேலத்து டீசலும் ஏற்காட்டுக் குளிரும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எரிபொருளில் தண்ணீர் என்ற செய்தி எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. வண்டி நின்றுபோனவர் பெட்ரோல் பங்கைக் குறைசொல்கிறார். பங்க் தரப்போ, பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டது என்கிறது. சேர்வராயன் மலையில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. ஏற்காட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில் மின்சாரம் போகும் நேரங்களில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரமும் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரை நம்பியே ஓடுகின்றன. அதற்கான டீசல் அடிவாரத்திலிருந்து பேரலில் ஏறுகிறது. ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதைக் கண்டால் இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுவதுண்டு. சேலத்து வெயிலில் டீசலுக்குள் கரைந்திருந்த தண்ணீர் மலைக்குளிரில் பிரிந்துவிட்டது என்பது ஒன்று. மலைப்பனி டீசலில் இறங்கிவிட்டது என்பது மற்றொன்று.

வேதியியல்படி இந்த விளக்கங்கள் எதுவும் பொய்யல்ல. வெப்பம் குறைந்தால் கரைந்த நீர் பிரியத்தான் செய்யும். ஈரக்காற்றிலிருந்து நீர் எரிபொருளுக்குள் போகத்தான் செய்யும். ஆனால் எத்தனை கிராம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுக் கணக்கிட்டுவிட்டால், எந்த விளக்கம் நிற்கும், எது விழும் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

நீர் இருக்கும் மூன்று நிலைகள்

எரிபொருளில் நீர் மூன்று நிலைகளில் இருக்கலாம்.

1. கரைந்த நீர். தனித்தனி மூலக்கூறுகளாக எரிபொருளுக்குள் பரவியிருப்பது. கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டியில் நிற்காது, எரிபொருள் தெளிவாகவே இருக்கும்.

2. கலங்கல் நீர். நுண்ணிய துளிகளாக மிதப்பது. எரிபொருள் மங்கலாகத் தெரியும். நேரம் கொடுத்தால் துளிகள் சேர்ந்து கீழிறங்கும். சில சேர்க்கைப் பொருள்கள் இருந்தால் எளிதில் இறங்காது.

3. அடிநீர். எரிபொருளைவிட அடர்த்தி கூடியதால் தொட்டியின் அடியில் தனி அடுக்காகத் தங்குவது.

பங்குகளில் தொட்டியின் ஆழத்தை அளக்கும் டிப் ராடின் முனையில் தடவி இறக்கும் வாட்டர் பேஸ்ட் நிறம் மாறுவது மூன்றாவது நிலையைத்தான் காட்டும். கரைந்த நீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கரைதிறன் என்று இக்கட்டுரையில் சொல்வது, குறிப்பிட்ட வெப்பநிலையில் முதல் நிலையில் அதிகபட்சமாக எவ்வளவு நீர் இருக்க முடியும் என்ற எல்லையை. அந்த எல்லையைத் தொட்ட எரிபொருளைத் தெவிட்டிய எரிபொருள் என்கிறோம். அலகு பிபிஎம்: பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நிறைக் கணக்கில் ஒரு கிலோ எரிபொருளில் ஒரு மில்லிகிராம் நீர் இருந்தால் ஒரு பிபிஎம்.

ஏன் இவ்வளவு குறைவாகக் கரைகிறது

நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியிலிருந்து ஒரு மோல், அதாவது 18 கிராம், நீரை முழுமையாக விடுவித்து ஆவியாக்க 25 டிகிரி செல்சியஸில் சுமார் 44 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அப்படி விடுபட்ட மூலக்கூறு, வளைய எலக்ட்ரான்கள் இல்லாத எளிய கார்பன்-ஹைட்ரஜன் சேர்மமான அல்கேன் வகை ஹைட்ரோகார்பனுக்குள் நுழைந்தால், அங்கே அதற்குக் கிடைப்பது வலுவற்ற ஈர்ப்பு மட்டுமே. செலவிட்ட ஆற்றலில் சுமார் பத்து கிலோஜூல்தான் திரும்புகிறது. எஞ்சிய முப்பத்துச் சொச்சம் கிலோஜூல், கரைவதற்குக் கட்ட வேண்டிய விலை. பென்சீன், டொலுவீன் போன்ற அரோமேட்டிக் சேர்மங்களின் வளையத்திலுள்ள எலக்ட்ரான்கள் நீரின் ஹைட்ரஜனைச் சிறிதளவு ஈர்ப்பதால் அங்கே விலை சற்றுக் குறைகிறது, கரைதிறனும் கூடுகிறது.

எண்களில் பார்த்தால் வேறுபாடு பெரிது. 25 டிகிரியில் ஹெக்சேனில் கரையும் நீர் ஏறத்தாழ 100 பிபிஎம். பென்சீனில் அது 600 முதல் 700 பிபிஎம் வரை. அல்கேன் வரிசையில் சங்கிலி நீள நீள, மோல் பின்னத்தில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில், கரைதிறன் அதிகம் மாறுவதில்லை. பத்தாயிரம் மூலக்கூறில் ஐந்தாறு நீர் மூலக்கூறு என்ற அளவிலேயே நிற்கிறது. ஆனால் எரிபொருள் மூலக்கூறின் எடை கூடுவதால், நிறைக்கணக்கில் பிபிஎம் இறங்கிக்கொண்டே போகிறது. பதினாறு கார்பன் கொண்ட ஹெக்ஸாடெக்கேனில் அது ஹெக்சேனில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். டீசல் பெட்ரோலைவிடக் குறைவாக நீரைக் கரைப்பதற்கு இது ஒரு காரணம். பெட்ரோலில் அரோமேட்டிக் பங்கு கூடுதலாக இருப்பது மற்றொரு காரணம். இந்தியாவின் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6) தரவிதிப்படியான பெட்ரோலில் அரோமேட்டிக் பங்கு கன அளவில் 35 விழுக்காடு வரை இருக்கலாம்.

மதிப்பிடும் முறை

துல்லியமான எண் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் அளக்க வேண்டும். ஆனால் ஒரு விளக்கம் ஏற்கத்தக்கதா என்று சோதிக்க, முப்பது விழுக்காடு முன்பின் பிழையுள்ள மதிப்பீடே போதும். அதை நான்கு படிகளில் பெறலாம்.

1. கலவையைப் பிரித்தல். எரிபொருளை அல்கேன் பகுதி, அரோமேட்டிக் பகுதி என இரண்டாகக் கொள்ளலாம். டீசலுக்கு உதாரணமாக, அல்கேன் பகுதியின் கரைதிறன் 50 பிபிஎம், கனமான அரோமேட்டிக் பகுதியினது 300 பிபிஎம், அரோமேட்டிக் பங்கு 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

2. சராசரி எடுத்தல். இங்கே எளிய சராசரி எடுத்தால் விடை மிகையாகும். கரைதிறனின் மடக்கைகளை (லாகரிதம்) சராசரியாக்குவதே உண்மைக்கு நெருங்கி வருகிறது. 50-இன் இயல் மடக்கை 3.91, 300-இனது 5.70. அவற்றை 75, 25 விழுக்காட்டு எடையுடன் கூட்டினால் 4.36, அதன் எதிர்மடக்கை ஏறத்தாழ 78. சாதாரண சராசரி எடுத்திருந்தால் 112 வந்திருக்கும். 25 டிகிரியில் டீசலின் கரைதிறனை 80 பிபிஎம் என்று முழுமையாக்கிக்கொள்ளலாம். எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு 100, 500, 35 விழுக்காடு என்ற எண்களைப் போட்டால் இதே முறையில் 175 பிபிஎம் கிடைக்கும்.

3. வெப்பநிலைக்குத் திருத்துதல். வான்ட் ஹாஃப் சமன்பாட்டின்படி, கரைதிறனின் மடக்கை தனிவெப்பநிலையின் (கெல்வின்) தலைகீழியோடு நேர்கோட்டில் மாறும். கோட்டின் சாய்வைத் தீர்மானிப்பது முன்பு சொன்ன அந்த விலைதான். அதை மோலுக்கு 32 கிலோஜூல் என்று கொண்டால், சராசரி வெப்பநிலைகளில் ஒவ்வொரு 20 டிகிரி உயர்வுக்கும் கரைதிறன் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிறது. நம் டீசலுக்கு 38 டிகிரியில் சுமார் 137 பிபிஎம், 15 டிகிரியில் சுமார் 51 பிபிஎம்.

4. ஈரப்பதத்திற்குத் திருத்துதல். மேலே கண்டவை தெவிட்டிய நிலை எண்கள். அடிநீர் இல்லாத தொட்டியில், எரிபொருள் தன் மேலுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும். ஹென்றி விதிப்படி, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடென்றால் கரைந்த நீரும் எல்லையின் 60 விழுக்காட்டில் நின்றுவிடும். அடியில் ஒரு சொட்டு நீர் தங்கியிருந்தால், போதிய நேரத்தில், எரிபொருள் நூறு விழுக்காட்டை எட்டிவிடும். உயரம் கூடுவதால் குறையும் காற்றழுத்தத்தை இந்தக் கணக்கில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

விமான எரிபொருள் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பநிலை எவ்வளவோ, கன அளவில் ஏறத்தாழ அத்தனை பிபிஎம் நீர் கரையும். 25 டிகிரி செல்சியஸ் என்பது 77 ஃபாரன்ஹீட். எரிபொருள் வேறு, அலகும் வேறு என்றாலும் நம் விடையின் பக்கத்திலேயே இருக்கிறது. அறை வெப்பநிலைக்கு அருகில் அந்தக் கைக்கணக்கு நன்றாக வேலை செய்யும். கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் அதை நம்பக்கூடாது, ஏனெனில் உண்மையான வளைவு அதைவிடச் செங்குத்தானது.

பேரல் மலையேறும்போது

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் காற்றின் வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். குளிர்கால இரவில் ஏற்காட்டில் 15 டிகிரிக்குக் கீழும் போகும்.

வேண்டுமென்றே மிகைப்படுத்திய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் டீசல் சேலத்தில் 38 டிகிரியில் முழுமையாகத் தெவிட்டிய நிலையில் இருக்கிறது. உண்மையில் பங்கின் நிலத்தடித் தொட்டி அவ்வளவு சூடாவதில்லை. அது மலைமேல் 15 டிகிரிக்குக் குளிர்கிறது. பிரியும் நீர் 137-இலிருந்து 51-ஐக் கழித்த 86 பிபிஎம். பேரலின் டீசல் எடை சுமார் 166 கிலோ. ஆக, பிரிவது 14 கிராம். மூன்று தேக்கரண்டிக்கும் குறைவு. மதிப்பீட்டில் இரு மடங்கு பிழை இருந்தாலும் 28 கிராம்தான்.

பேரலின் அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைத்தது என்றால், அதைக் குளிரில் பிரிந்த நீர் என்று விளக்க எழுபது பேரல் டீசல் வேண்டும். 12,000 லிட்டர் டாங்கர் லாரி முழுவதும் இதே குளிர்ச்சிக்கு ஆளானால்கூட வெளிவருவது ஒரு லிட்டருக்குக் குறைவே. லிட்டர் கணக்கில் கிடைக்கும் தண்ணீர், கரைந்து வந்த தண்ணீராக இருக்க முடியாது. அது தண்ணீராகவேதான் உள்ளே வந்திருக்கிறது.

பனியா, மழையா?

இரண்டாவது விளக்கமான மலைப்பனிக்கும் இதே சோதனையை வைக்கலாம். பாதி காலியான பேரலில் 100 லிட்டர் காற்று இருக்கிறது. பகலில் 30 டிகிரி, இரவில் 15 டிகிரி என்று பேரலே நாள்தோறும் சூடாகிக் குளிர்வதாகக் கொள்வோம், இதுவும் மிகைதான். குளிரும்போது காற்றும் டீசலும் சுருங்குவதால் வெளியிலிருந்து உள்ளே வரும் காற்று ஏழு லிட்டருக்கும் குறைவு. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஒரு கனமீட்டரில் இருக்கும் நீராவி சுமார் 30 கிராம். ஏழு லிட்டரில் 0.2 கிராம். வந்த ஈரம் முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டாலும் ஒரு மாதத்தில் சேர்வது ஆறு கிராம். பேரலைக் காலியாக வைக்கக்கூடாது, ஈரம் சேரும் என்ற அறிவுரை தவறல்ல. ஆனால் அதன் பங்கு மிகச் சிறிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் லிட்டர் கணக்கில் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பேரலின் தலையிலிருந்து. நிமிர்த்தி வைத்த பேரலின் மேல்தட்டு, சுற்றிலும் விளிம்பு எழும்பிய ஒரு தட்டைப்போல் இருக்கிறது. அதன் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மழைநீர் நின்றால் அது இரண்டரை லிட்டர். மூடி அந்தத் தட்டிலேயே, நீருக்கு அடியில் இருக்கிறது. வெயிலில் சூடேறிய பேரலின்மேல் மாலை மழை பெய்து அது குளிரும்போது டீசல் சுருங்குகிறது. 200 லிட்டர் டீசல் ஐந்து டிகிரி குளிர்ந்தால் சுருக்கம் சுமார் 0.8 லிட்டர். உள்ளே ஏற்படும் அந்த வெற்றிடத்தை நிரப்ப, மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், காற்று வருவதற்கு முன் தண்ணீர் உறிஞ்சப்படும். ஒரே மாலையில் அரை லிட்டருக்கு மேல் உள்ளே போய்விட முடியும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவங்களிலும் மழை பெறும் மலையில் இந்த வாய்ப்பு ஆண்டில் பல மாதங்களுக்கு இருக்கிறது.

இதற்கான மாற்றும் எளிது. பேரலைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் படுக்கவைத்து, இரு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில், அதாவது கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் இருக்கும்படி வைக்க வேண்டும். அப்போது இரண்டு மூடிகளையும் உள்ளிருந்து டீசல் நனைத்திருக்கும். வெளியே தண்ணீர் தேங்க இடமிருக்காது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால், ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, மூடி மேட்டுப்பக்கம் இருக்குமாறு செய்யலாம்.

சில கிராம் எப்போது பெரிதாகும்

கரைந்து பிரியும் நீர் சிறிது என்பதால் அது பொருட்டல்ல என்று முடிவுகட்டக்கூடாது. விமானங்களில் அந்தச் சிறிதே ஆபத்து. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 விமானம், தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் இரு எஞ்சின்களின் உந்துவிசையையும் இழந்து ஓடுபாதைக்கு முன்பே புல்தரையில் விழுந்தது, யாரும் உயிரிழக்கவில்லை. பிரிட்டிஷ் விபத்துப் புலனாய்வுத் துறை கண்டறிந்த காரணம், நீண்ட குளிர்ப் பயணத்தில் குழாய்களில் படிந்த பனித்துகள்கள் ஒரே சமயத்தில் பெயர்ந்து, எரிபொருளைச் சூடேற்றும் வெப்பமாற்றியின் வாயை அடைத்தது. அந்த எரிபொருளில் கரைந்திருந்த நீர் 40 பிபிஎம் அளவு, அதாவது சுமார் மூன்று லிட்டர் வரை இருக்கலாம் என்பது புலனாய்வின் மதிப்பீடு. கரையாத நீர் அதிகபட்சம் இரண்டு லிட்டர். எழுபது டன்னுக்கும் மேற்பட்ட எரிபொருளில் ஐந்து லிட்டர். அது தரக்குறைவான எரிபொருளும் அல்ல.

ஏற்காட்டில் டீசலுக்குள் நீர் உறையாது. அங்கே சிக்கல் வேறு: அடியில் மெல்லிய நீர்ப்படலம் நிலையாக இருந்தாலே, டீசலுக்கும் நீருக்கும் இடையிலுள்ள எல்லையில் நுண்ணுயிர்கள் வளரத் தொடங்கும். வழுவழுப்பான கரும்படலமாக ஃபில்டரை அடைப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் அடிமண்டியை இறக்காத நிலையான தொட்டியில், ஒவ்வொரு நிரப்பலுக்கும் பத்துப் பதினைந்து கிராம் என்று சேர்வது இதற்குப் போதும். பயோடீசல் கலந்திருந்தால் கணக்கு மேலும் மாறும்; தூய பயோடீசல் ஆயிரம் பிபிஎம்முக்கும் மேல் நீரைக் கரைத்துவைக்கக்கூடியது என்பதால், சில விழுக்காடு கலப்பே டீசலின் கரைதிறனை உயர்த்திவிடுகிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு கதை

இதுவரை சொன்ன முறை ஹைட்ரோகார்பன் மட்டுமே உள்ள எரிபொருளுக்குப் பொருந்தும். இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு 2030-இலிருந்து 2025-26-க்கு முன்கொண்டுவரப்பட்டபின், பங்கில் கிடைக்கும் பெட்ரோல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. எத்தனால் நீரோடு எல்லா விகிதத்திலும் கலக்கும், பெட்ரோலோடும் கலக்கும். ஆகவே அது நீரைப் பெட்ரோலுக்குள் பிடித்துவைக்கிறது.

அளவை ஒப்பிடலாம். ஐந்து லிட்டர் கொள்ளும் ஸ்கூட்டர் டாங்கில், எத்தனால் இல்லாத பெட்ரோல் 25 டிகிரியில் கரைத்துக்கொள்ளும் நீர் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி அளவில், கன அளவில் சுமார் அரை விழுக்காடு நீரைத் தாங்கும். அதே டாங்கில் அது 25 மில்லிலிட்டர். எத்தனால் பங்கு கூடினால் இந்தத் தாங்குதிறனும் கூடும். வெப்பம் குறைந்தால் இதுவும் குறையும். எல்லை மீறினால் நடப்பது சாதாரணமாக நீர் பிரிவது அல்ல, அடுக்குப் பிரிதல்: நீர் தன்னோடு எத்தனாலையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எனவே அடியடுக்கின் கொள்ளளவு, உள்ளே போன தண்ணீரைவிடப் பல மடங்காக இருக்கும். மேலே எஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது எஞ்சினில் தட்டல் இல்லாமல் எரியும் தன்மையின் அளவு, குறையும்.

செய்திகளைப் படிக்கும்போது இதிலிருந்து இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும்.

1. பாட்டிலில் பிடித்த பெட்ரோலின் அடியில் தெரியும் அடுக்கு முழுவதும் தண்ணீர் என்று கொள்வது தவறு. அதில் எத்தனாலும் இருக்கிறது. ஆனால் அடுக்கு உருவாகிவிட்டது என்பதே, தாங்குதிறனை மீறித் தண்ணீர் புகுந்ததற்குச் சான்று. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியது என்ற பதில் இங்கே போதாது. மூடிய தொட்டிக்குள் வந்துபோகும் காற்று எவ்வளவு ஈரத்தைக் கொண்டுவரும் என்பதைப் பேரல் கணக்கில் பார்த்தோம். மில்லிகிராம்களை வைத்து லிட்டர்களை விளக்க முடியாது. தொட்டியின் மேன்ஹோல் மூடியையும் நிரப்பும் குழாயையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2. பழைய பெட்ரோலில் சிறிதளவு மழைநீர் புகுந்தாலும் உடனே அடிநீராகத் தெரிந்துவிடும். இப்போது 10,000 லிட்டர் தொட்டியில் பல பத்து லிட்டர் புகுந்தாலும் எந்த அடையாளமும் இல்லாமல் கரைந்துவிடலாம். அடுத்த சில லிட்டரிலோ ஒரு குளிர்ந்த இரவிலோ மொத்தமாகப் பிரியலாம். சாதாரண வாட்டர் பேஸ்ட் நீர்-எத்தனால் அடுக்கைச் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதால், எத்தனால் பெட்ரோலுக்கென்றே உள்ள பேஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டும்.

ஆய்வக எண்ணைப் படிப்பது

நீரின் அளவைத் துல்லியமாகக் காட்டுவது கார்ல் ஃபிஷர் முறை. ஜெர்மானிய வேதியியலர் கார்ல் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட இந்த முறையில், அயோடின் நீரோடு வினைபுரிவதை வைத்து நீர் எண்ணப்படுகிறது. அது தரும் எண் மொத்த நீர்: கரைந்ததும் கரையாததும் சேர்ந்தது. மதிப்பீட்டின் உண்மையான பயன் இங்கேதான். தொட்டியின் வெப்பநிலைக்குரிய கரைதிறனை ஆய்வக எண்ணிலிருந்து கழித்தால், கரையாத நீர் எவ்வளவு என்பது தெரியும். எண் கரைதிறனுக்குக் கீழே இருந்தால் அந்த மாதிரியில் கரையாத நீர் இல்லை.

இந்திய பிஎஸ்-6 தரவிதி டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை நீரை அனுமதிக்கிறது. நம் மதிப்பீட்டில் 38 டிகிரியிலேயே டீசலின் கரைதிறன் 137தான். ஆகவே 180 பிபிஎம் என்று அறிக்கை வந்த டீசல் விதிப்படி தேறிவிடும்; ஏற்காட்டுத் தொட்டியில் 15 டிகிரியில் அதே டீசலின் 180-இல் 130 பிபிஎம் அளவு கரையாமல் நிற்கும். விதியை மீறாத டீசல் என்பதும் தண்ணீர் பிரியாத டீசல் என்பதும் ஒன்றல்ல. தோட்டத்து மேலாளர் அறிக்கையைப் பார்த்து விற்றவரோடு சண்டைபோடுவதில் பொருளில்லை. டீசலிலிருந்து நீரைப் பிரித்துத் தேக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித்திருகை வாரமொருமுறை திறந்து வடிப்பதற்கு ஆள் வைப்பதே அந்த 130 பிபிஎம்முக்கு உரிய பதில்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். தொட்டியின் நடுவிலிருந்து எடுத்த மாதிரி பெரும்பாலும் கரைந்த நீரை மட்டுமே காட்டும். அடியிலிருந்து எடுத்தது அடிநீரையும் அள்ளிவரும். குளிரில் எடுத்த கலங்கலான மாதிரி சேலத்து ஆய்வகத்துக்கு வந்துசேரும்போது, வெயிலில் சூடேறித் தெளிந்துவிடக்கூடும். பார்த்தவர் தண்ணீர் இல்லை என்று எழுதிவிடுவார். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் எடுத்த இடம், ஆழம் ஆகியவற்றோடு எடுத்த நேரத்து டீசலின் வெப்பநிலையையும் எழுத வேண்டும். அது இல்லாத அறிக்கையில் 90 பிபிஎம் என்று வந்தால், அந்த டீசல் தெவிட்டியதா இல்லையா என்பதைக்கூட யாராலும் சொல்ல முடியாது.